ஏழாம் அட்டையில் ஒரு சொல்

அவரை நாங்கள் ஒற்றர் என்போம். உளவு பார்க்கிற ஒற்றர் இல்லை. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறோம் என்பது அவருக்கும் தெரியும். "ஒத்தர்னு எழுதாம இருந்தா சரி" என்று ஒரு தடவை சொன்னார்.

எங்களுடையது பள்ளிகளுக்குச் சுற்றுச்சூழல் பாடப் பெட்டிகளை இரவல் கொடுக்கும் மையம். நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஆறு பூதக்கண்ணாடி, பூச்சி பிடிக்க இரண்டு வலை, தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டைகள், இருபத்து நான்கு செயல் அட்டைகள், ஆசிரியருக்கு மஞ்சள் அட்டை போட்ட ஒரு கையேடு. ஒரு பெட்டி ஒரு பள்ளியில் ஒரு மாதம் இருக்கும். அடுக்குவது, அனுப்புவது, திரும்பி வரும்போது எத்தனை பூதக்கண்ணாடியைக் காணோம் என்று தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. எனக்குப் பெயர் பெட்டியக்கா. ஒற்றர் மட்டும் பெட்டியம்மா என்பார். நான் அவரை அண்ணே என்பேன், சண்டை போடும்போது சார் என்பேன்.

அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்திவிட்டு எங்களிடம் வந்தவர். தன் கல்யாணப் பத்திரிகையில் "திருமணத்திர்க்கு" என்று அச்சாகி வந்ததைப் பார்த்து, முந்நூறு பத்திரிகையையும் மாமனார் வீட்டுக்கே திருப்பி அனுப்பியவர். "அன்னைக்கே எங்கப்பா சுதாரிச்சிருக்கணும்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வார். தையல் கடை வைத்திருக்கும் அந்தம்மா சொல்வதில் தப்பே இல்லை. மையத்தில் வாஷ் பேசின் மேல் நான் "இங்கே கைகழுவவும்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். மறுநாள் அதைக் கிழித்துவிட்டு, 'கை'க்கும் 'கழுவ'வுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு எழுதி ஒட்டியிருந்தார். "சேர்த்து எழுதினா கைவிடறதுன்னு அர்த்தம் வந்துடும் பெட்டியம்மா. பிள்ளைங்க படிக்கிற இடம்." எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அவரிடம் எல்லாருக்கும் இருந்த கோபமே அதுதான், மனுஷன் எப்போதும் சரியாகவே இருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் சாமான் அறையில் போன் அடித்தது. ஒரு பள்ளி ஆசிரியர். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"மேடம், ஏழாவது அட்டை இப்ப பண்ணப் போறோம். ஒரு பிள்ளைக்கு எத்தனை இலை?"

"ஒண்ணு போதும் சார்" என்றேன். ஒரு கையில் வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"முழு இலையா, பாதியா? ரொம்பக் கசந்தா துப்பிடுவாங்க. அது பரவாயில்லையா?"

வலையைக் கீழே போட்டேன். "எதுக்கு சார் துப்பணும்?"

"நுகர்ந்து பார்க்கணும்னு போட்டிருக்கே மேடம்."

"சார், யாரும் வாயில வைக்கக் கூடாது. ஒரு பிள்ளை கூட. இலையெல்லாம் வாங்கிடுங்க. இப்பவே. போனை வைக்காம வாங்குங்க." நான் கத்தியதில் அடுத்த அறையிலிருந்து ஒற்றர் எழுந்து வந்துவிட்டார். மறுமுனையில் அந்த ஆசிரியர் அதட்டி இலைகளை வாங்கும் சத்தம் கேட்டது. திரும்ப வந்து, "வாங்கிட்டேன் மேடம். எண்ணிட்டேன். என்ன விஷயம்?" என்றார். ஊமத்தை இலை விஷம் சார் என்றேன்.

ஏழாம் அட்டையின் தலைப்பு, 'ஆடு மாடு தொடாத செடி'. பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்தில் தானாக முளைக்கிற ஊமத்தையை ஆடுகூட ஏன் ஒதுக்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். அதன் வாடைதான் விடை. எழுதியவர் செடி டீச்சர். எங்கள் மையத்துக்காகக் காடு மேடெல்லாம் அலைந்து அட்டை எழுதித் தருகிறவர். பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியே எழுதுவார். அவருடைய கைப்பிரதியில் இருந்தது, "இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்."

அச்சில் இருந்தது, "இலையைக் கசக்கி நுகர்ந்து பாருங்கள்."

மாற்றியவர் ஒற்றர். மாற்றியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "மோந்து கொச்சை. மோப்பம் பிடிக்கிறது நாய். மாணவர் நுகர்வார்" என்றார். "பிள்ளைங்களுக்குப் புரியணும் சார்" என்று செடி டீச்சர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "புரியவைக்கத்தானே பாடம்?" என்றார் இவர். "என்னவோ பண்ணுங்க" என்று அந்தம்மா எழுந்து போனார். அதே வரியில் 'கை கழுவுங்கள்' என்பதற்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று இவர் இரண்டு முறை பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது விஷயத்தைச் சொன்னதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? அகராதியை எடுத்தார். பதினான்கு பள்ளிகளில் எங்கள் பெட்டி இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில் போனவை. ஏழாம் அட்டையை மூன்றாவது வாரத்தில், வெயில் ஏறுவதற்கு முன் முதல் இரண்டு பீரியடில் செய்ய வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. அதாவது இந்த வாரம், இந்த நேரம். இவர் பக்கம் புரட்டுகிறார்.

"நுகர்தல்னா முகர்தல்தான் பெட்டியம்மா. இதோ இருக்கு பாருங்க..."

"மேல என்ன இருக்கு சார்?"

மேலே "துய்த்தல், உண்ணல்" என்று இருந்தது. அகராதி இரண்டு பக்கமும் பேசியது. நான் பேசாமல் நான்காம் அட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டேன். உணவுச் சங்கிலி அட்டை. "புல்லைத் தின்னும் வெட்டுக்கிளி முதல்நிலை நுகர்வோர். வெட்டுக்கிளியைத் தின்னும் தவளை இரண்டாம் நிலை நுகர்வோர்." மூன்று வாரமாகப் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறோம், நுகர்வது என்றால் தின்பது என்று.

அவர் அட்டையைப் படித்தார். அகராதியை மூடிவிட்டு, "நம்பரைச் சொல்லுங்க" என்றார்.

இரவல் பதிவேட்டை நடுவில் விரித்துக்கொண்டு இருவரும் ஆளுக்கு ஒரு போனில் கூப்பிட்டோம். ஒரு பள்ளியில் இன்னும் பெட்டியையே திறக்கவில்லை. நியாயமாகத் திட்டியிருக்க வேண்டும், நான் கும்பிட்டேன். ஒரு பள்ளியில் நேற்றே முடித்திருந்தார்கள், மோந்து பார்த்ததோடு சரி, யாருக்கும் ஒன்றும் இல்லை. இன்னொரு ஆசிரியர், "அந்த வார்த்தை புரியலைங்க, அதனால அந்த வரியை விட்டுட்டேன்" என்றார். ஒற்றர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு பள்ளியாக டிக் போட்டுக்கொண்டே வந்தோம். பத்தே காலுக்குப் பதின்மூன்று டிக் விழுந்திருந்தது.

ஒரு பள்ளியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஊருக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் பள்ளி. டீச்சரும் கைபேசியை எடுக்கவில்லை. ஏழு தடவை கூப்பிட்டேன்.

"ஸ்கூட்டர் சாவி எங்கம்மா?" என்றார் ஒற்றர்.

ஸ்கூட்டர் என்றாலே அவருக்கு நடுக்கம். பஸ்ஸில் வருவார், பஸ் இல்லாவிட்டால் நடப்பார். அன்றைக்கு நான் ஹெல்மெட் மாட்டுவதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். எந்தத் தெருவில் போனாலும் கடைப் பலகைகளில் பிழை பார்த்து முணுமுணுப்பது அவர் வழக்கம். அன்று தெருத் தெருவாகப் பிழைகள் பின்னால் ஓடின, மனுஷன் வாயைத் திறக்கவில்லை. என் தோள் வழியாகப் போன் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு லாரி, ஒரு தண்ணீர் வண்டி. ஒரு சரக்கு ரயில் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் யாரோ போனை எடுத்தார்கள். பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா.

"டீச்சர் எங்கம்மா?" என்றார் ஒற்றர்.

"பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் செடி பாக்கப் போயிருக்காங்க. நீங்க யாரு?"

"பெட்டி அனுப்பினவங்கம்மா. ஓடிப் போய்ச் சொல்லுங்க. ஊமத்தை இலையை யாரும் வாயில வைக்க வேணாம்."

"ஊமத்தையா? அதைப் போய் யாருங்க வாயில வைக்கச் சொன்னது?"

"ஓடுங்கம்மா, ஓடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தம்மா போனை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அதற்குள் ரயில் எங்கள் முன்னால் வந்துவிட்டது. நாற்பத்தெட்டுப் பெட்டி. எண்ணினேன், வேறென்ன செய்ய? அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்ற காதை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார். ரயில் போன பிறகும் போனில் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் மொத்தம் முப்பத்தோரு பேர். டீச்சர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். "யாரும் சாப்பிடலை சார். மூக்குக்கிட்ட வச்சு மோந்துதான் பாத்தாங்க. இங்க நிக்கிற எல்லாரையும் கேட்டுட்டேன். எனக்கும் அந்த வார்த்தையில ஒரு சந்தேகம்தான், ஆனா எல்லாரும் மோந்தாங்க, சரின்னு விட்டுட்டேன்." சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். கும்பிடாத தெய்வம் இல்லை.

ஒற்றர் உட்காரவில்லை. "பார்த்ததை எழுதச் சொல்லி அட்டையில இருக்கே. எழுதினாங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்திலுமா பிழை திருத்தப் போகிறார்? அவர் ஜன்னல் திண்டில் தாள்களை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். விரல் வரி வரியாக நகர்ந்தது. நாத்தம். கெட்ட வாடை. நாத்தம். பச்ச வாடை. எங்க சித்தப்பா சட்டை மாதிரி வாடை. ஒற்று இல்லை, புள்ளி இல்லை, றகரம் ரகரம் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. எதையும் அவர் பார்க்கவில்லை. இருபத்தாறாவது தாளில் விரல் நின்றது.

குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. ஒரு பிழை இல்லை.

"முதலில் கசப்பு. இரண்டாவது இலையும் கசப்பு. பிறகு நாக்கு வறண்டது."

"இது யாரும்மா?" தாளை உயர்த்திக் காட்டினார்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "ஐயோ. இவ எங்க கிளாஸ்லயே நல்லாத் தமிழ் படிக்கிறவ சார். இவதான் நாலாம் அட்டையை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினா."

குழாயடியில் அவள் இல்லை. வகுப்பறையில், கடைசி பெஞ்சில், வெளிச்சம் கண்ணில் படாமல் புத்தகத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வயதிருக்கும். முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது. "தண்ணி வேணும் டீச்சர்" என்றாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி. அவள் நிமிர்ந்தபோது பார்த்தேன். கண்ணில் கருமணியே முழுக்க நிறைந்திருந்தது.

"வாந்தி எடுக்க வைக்கலாமா?" என்று டீச்சர் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒற்றர் அதற்குள் செடி டீச்சருக்குப் போன் போட்டிருந்தார். "வேணாம், நீங்களா ஒண்ணும் பண்ணாதீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, கையோட ஒரு இலையை எடுத்துட்டுப் போங்க" என்று அந்தம்மா கத்தியது எனக்கே கேட்டது. பெருக்குகிற அம்மாவின் மகன் ஆட்டோ ஓட்டுகிறவன், பக்கத்திலேயே இருந்தான். ஒற்றர் அந்தப் பெண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், நானும் டீச்சரும் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் அவள் காற்றில் எதையோ பிடித்துப் பிடித்துக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா பிடிக்கிற?" என்றால், "வெட்டுக்கிளி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இலையைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார், எத்தனை என்று கேட்டார். "ரெண்டு" என்றார் ஒற்றர். எப்போது என்றார். தாளில் நேரம் எழுதியிருந்தது. பத்து பத்து என்று அதையும் அவள் எழுதி வைத்திருந்தாள். நாங்கள் அலுவலகத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்த நேரம். "சாயங்காலம் வரைக்கும் பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும். நேரம் தெரிஞ்சது நல்லது" என்று சொல்லிவிட்டு டாக்டர் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

அப்போது ஒற்றருக்கு எங்கள் மையத்தை நடத்தும் மேடத்திடமிருந்து போன் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தால் என்ன சொல்வது என்பது அவர் கவலை. "அட்டையில செடி டீச்சர் பேர்தான் இருக்கு. உங்க பேர் எங்கயும் இல்ல. வெளியாள் எழுதிக் கொடுத்ததுன்னு சொல்லிடுங்க. நீங்க எதுக்கும் வாயைத் திறக்க வேணாம்." பிழை திருத்துகிறவர் பெயரை யாரும் எங்கேயும் அச்சடிப்பதில்லை. ஒற்றர், "சரிங்க மேடம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் அம்மா பன்னிரண்டு மணிக்கு ஓடி வந்தாள். துணி தேய்க்கிற கடையில் வேலை. கையில் இன்னும் சூட்டு மணம் இருந்தது. மகளைப் பார்த்தாள். மகளுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. சுவரைப் பார்த்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அம்மா சத்தம் போடவில்லை. வெளியே வந்து, டீச்சர் கையில் இருந்த ஏழாம் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பேர் போட்டிருக்கே, இந்தம்மா எங்க? எம்பிள்ளைய இதைத் தின்னச் சொன்னது இவங்கதானே?"

நான் தரையைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒற்றர் எழுந்து நின்றார். "அவங்க இல்லம்மா. அவங்க சரியாத்தான் எழுதினாங்க. மோந்து பாருங்கன்னு எழுதினாங்க. நான்தான் மாத்தினேன்."

"ஏன் மாத்தினீங்க?"

"அது..." என்று அட்டையைப் பார்த்தார். "அது நல்ல தமிழா இல்லேன்னு நெனச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. "எம்பொண்ணு தினம் காலையில பாலை மோந்து பாத்துட்டுத்தான் தம்பிக்குக் குடுப்பா. நான் சொல்லிக் குடுத்தது. மோந்து பாருன்னுதான் சொல்லிக் குடுத்தேன். அது நல்லா இல்லியா உங்களுக்கு?"

அவர் கை கூப்பவில்லை, மன்னிப்பு என்ற சொல்லையும் எடுக்கவில்லை. "தப்பும்மா" என்றார். அவ்வளவுதான். அவள் உள்ளே போய்விட்டாள். அவர் சாயங்காலம் வரை அந்தக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் மனைவி மதியம் சாப்பாடு கொண்டு வந்தார், பிரிக்காமலே திரும்பியது. மூன்று மணிக்கு உள்ளே ஏதோ பரபரப்பு. நர்ஸ் ஒருத்தி ஓடினாள், இன்னொருத்தி ஓடினாள். பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஊசி போட்டிருக்கிறோம் என்றார்கள். டீச்சர் என் கையை நசுக்கிவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "பொழைச்சிட்டா. பேசறா. ரெண்டு நாளைக்குக் கண்ணு மங்கலாத்தான் தெரியும், அப்புறம் சரியாயிடும்." டீச்சர் அழுதாள், நான் அழுதேன். ஒற்றர் அழவில்லை. உள்ளே போகலாமா என்று அம்மாவைப் பார்த்தார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கதவை விட்டு ஒரு அடி நகர்ந்தாள்.

அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரை உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைப்பதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தாள். "எழுத்தெல்லாம் கலங்குது" என்றாள். அவளுக்குப் பயம் அதில்தான் இருந்தது. செத்துப் பிழைத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"யாரு?" என்றாள் அவரைப் பார்த்து.

"அந்த அட்டையைத் திருத்தினவன்மா."

வகுப்பில் எல்லாரும் வாடை என்று எழுத, தான் மட்டும் கசப்பு என்று எழுதியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "சார், என் பதில் தப்பா?"

"இல்லம்மா. உன் பதில் சரி. கேள்விதான் தப்பு. நான் பண்ணின தப்பு."

"அப்ப எனக்கு மார்க் உண்டா?"

"உண்டும்மா, முழு மார்க்" என்றார். சொல்லிவிட்டு, காலையிலிருந்து நின்ற மனுஷன் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அந்தத் தாய் அவரைத் தேற்றவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை.